சுண்டல், சாவி, இருபத்து மூன்று பெயர்கள்: எங்கள் மாலை மையத்தை எப்படி மதிப்பிடுவது?

குடியாத்தம் பக்கத்து ஊர் ஒன்றில், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்தும் மாலை மையத்துக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 1,30,000 ரூபாய் ஆகிறது. பாடம் சொல்லித் தரும் இரண்டு பெண்களுக்கு மாதம் மூவாயிரம் வீதம் 72,000. சுண்டலுக்கும் பொரிகடலைக்கும் 38,000. மிச்சம் நோட்டு, சாக்பீஸ், டியூப் லைட். ஒவ்வொன்றுக்கும் வவுச்சர் இருக்கிறது. பொருளாளர் நான், நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

ஆனால் ஆடி மாதக் கூட்டத்தில், துபாயிலிருந்து வாட்ஸ்அப் வீடியோவில் வந்த எங்கள் பெரிய நன்கொடையாளர் கேட்டது வேறு. “மூணு வருசம் ஆச்சு. பிள்ளைங்களுக்கு இன்னா மாறியிருக்கு? அத ஒரு கணக்கா குடுங்க. நாப்பதாயிரம் தனியா அனுப்புறேன், யாரையாவது வெச்சுப் பாருங்க.” கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

குடியாத்தத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்படிப் பல கூட்டு முயற்சிகள் நடக்கின்றன. எங்களுடையது நாலு கை சேர்ந்தது. ஊராட்சி ஒரு அறை கொடுத்திருக்கிறது. தொடக்கப் பள்ளி, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் பெயர்களைத் தருகிறது. மகளிர் குழு சுண்டல் செய்கிறது. முன்னாள் மாணவர்களான நாங்கள் பணம் போடுகிறோம். அங்கன்வாடி டீச்சரும் தன் பங்குக்கு, மூன்று நான்கு வயதுத் தம்பி தங்கைகளையும் அக்காமாரோடு அனுப்பி வைக்கச் சொல்லித் தாய்மாரிடம் பேசுகிறார். பெரும்பாலும் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள். கொஞ்சம் பேர் கைத்தறி லுங்கி நெய்யும் வீடுகள். இதுவரை பதிவேட்டில் ஏறியது 61 பெயர். இப்போது வருவது 38.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மூன்று வழிகள் எங்கள் முன் வந்தன. வெளியிலிருந்து ஒரு கல்லூரித் துறையைக் கூப்பிட்டு ஆய்வு செய்யச் சொல்வது. நாங்களே பதிவேட்டையும் ஒரு வாசிப்புத் தேர்வையும் வைத்துக் கணக்குப் போடுவது. அல்லது தாய்மாரிடமே விட்டுவிடுவது. இதே குழப்பத்தில் இருக்கும் வேறு ஊர்க்காரர்களுக்கு உதவும் என்று, ஒவ்வொன்றையும் எப்படி எடை போட்டோம் என எழுதுகிறேன்.

கல்லூரிக்காரர்கள்

வேலூர்க்காரனுக்கு ஆய்வு என்றால் அலர்ஜி கிடையாது. கே.வி.குப்பத்தில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் கிராம சுகாதாரப் பிரிவான ரூசா 1977-லிருந்து இருக்கிறது. வேலூர் நகரத்தில் சின்னல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா பகுதிக் குடும்பங்களுக்கு, நோட்டோடு வீட்டு வாசலில் வந்து நிற்பவர்கள் சொந்தக்காரர்கள் மாதிரி. அங்கே பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை விடாமல் பின்தொடர்ந்து, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸ் பற்றி 2011-ல் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். பிறந்தபோது சேர்த்தது 452 குழந்தைகள். மூன்று வருடம் முழுக்கத் தொடர்ந்தது 373 பேர். நடுவில் விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். இந்த 452-க்கும் 373-க்கும் இடையில் உள்ள ஆட்களைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

வெளி ஆட்கள் வந்தால் நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்ளும் குற்றம் இருக்காது. அது உண்மையான லாபம். ஆனால் நாங்கள் விசாரித்த கல்லூரித் துறை 85,000 ரூபாய் கேட்டது. மாணவர்களின் பயணப்படி, சாப்பாடு, கேள்வித்தாள், அறிக்கை எல்லாம் சேர்த்து. ஏமாற்றுக் கணக்கு இல்லை, நியாயமான விலைதான். ஆனால் அது மையத்தின் ஒரு வருடச் செலவில் பாதிக்கும் மேல்.

பணத்தை விட என்னை உறுத்தியது இரண்டு வருடம் முன்பு பார்த்த காட்சி. வேறொரு கல்லூரியிலிருந்து பிராஜெக்ட் வேலையாக ஒரு மாணவி வந்திருந்தாள். நல்ல பெண். கையில் 42 கேள்வி. நான்தான் வீடு காட்டப் போனேன். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து, மடியில் முறம், அதில் இலையும் தூளும். விரல்கள் ஒரு நொடி நிற்கவில்லை. மாணவி கேட்கிறாள்: “மையத்தின் செயல்பாடு உங்களுக்கு மிகவும் திருப்தியா, திருப்தியா, ஓரளவு திருப்தியா?” அந்த அம்மா நிமிர்ந்து மாணவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “நல்லாத்தான் கீதுமா, எழுதிக்கோ.” நூலைச் சுற்றி முடி போட்டு, அடுத்த இலையை எடுத்தார். பிறகு வந்த ஸ்பைரல் பைண்டிங் அறிக்கையில் எங்கள் மையத்துக்குப் பெருமையான சதவீதம் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் என் போட்டோவும்.

அந்த அம்மாவின் பெண் அதற்கு இரண்டு மாதம் முன்பே வருவதை நிறுத்தியிருந்தாள். கேள்வித்தாளில் அதற்கு இடமே இல்லை. நான் பக்கத்தில் நின்றிருந்ததும் தப்பு, அது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.

முப்பது நாற்பது மையம் நடத்துகிறவர்கள், ‘இதை அரசே எடுத்து நடத்த வேண்டும்’ என்று கேட்கப் போகிறவர்கள், கட்டாயம் வெளி ஆளைத்தான் வைக்க வேண்டும். அங்கே ஆதாரம் கனமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் அப்படி ஒரு சோதனை நடந்தது: 640 மையங்களில் 320-ஐக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பாடம் சொல்லித்தர அரை நேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். குழந்தைகளுக்குப் பாடம் நடக்கும் நேரம் இரண்டு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம். வயதுக்கேற்ற உயரமில்லாத வளர்ச்சிக் குறைவும் குறைந்தது. ஒரே ஒரு ஆளைச் சேர்த்ததால் வந்த மாற்றம் இது என்று அடித்துச் சொல்ல முடிந்தது, பக்கத்தில் ஆள் போடாத 320 மையம் இருந்ததால்தான். எங்களிடம் இருப்பது ஒரு அறை. அதைப் பாதியாகப் பிரித்துக் குலுக்கல் போட முடியாது.

நாமே போடும் கணக்கு

இதைத்தான் எங்கள் செயலாளர் விரும்பினார். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பதிவேடு இருக்கிறது. வாசிப்பைச் சோதிக்க, கிராமப் பிள்ளைகளின் படிப்பை அளக்கும் ‘அசர்’ கணக்கெடுப்பில் பயன்படுத்துவது போன்ற ஒரே ஒரு தாள் போதும்: எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புக்குரிய பத்தி, இரண்டாம் வகுப்புக்குரிய கதை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஜூனில் ஒரு தடவை, மார்ச்சில் ஒரு தடவை. வித்தியாசம்தான் நம் சாதனை என்றார்.

இங்கேதான் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். ஜூனிலிருந்து மார்ச்சுக்குள் எந்தப் பிள்ளையும் கொஞ்சம் கற்றுக்கொள்ளத்தான் செய்யும். பள்ளிக்கூடம் என்று ஒன்று காலையில் நடக்கிறது அல்லவா? பிள்ளைக்கு ஒன்பது மாதம் வயதும் கூடியிருக்கிறது. அதையெல்லாம் நம் சுண்டலின் கணக்கில் எழுதலாமா?

இது வெறும் தர்க்கம் இல்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021-ல் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது நினைவிருக்கும். தெருவுக்குத் தெரு தன்னார்வலர், மாலையில் வகுப்பு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்று கண்டது. அந்த மீட்சியில் மாலை வகுப்புகளின் பங்கு ஏறக்குறைய கால்பங்கு, 24 சதவீதம். அது பெரிய பங்குதான், ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு நிஜமாகவே கை கொடுத்த திட்டம். ஆனால் அந்த ஆறு மாதத்தில் யாராவது ஒரு தன்னார்வலர் தன் தெருப் பிள்ளைகளை முன்பும் பின்பும் சோதித்து, ஏற்றம் முழுவதையும் தன் பெயரில் எழுதியிருந்தால், ஒன்றை நாலாக்கிச் சொன்னதாக ஆகியிருக்கும். மனசறிந்து பொய் சொல்லவில்லை, ஆனாலும்.

இன்னொன்று, சோதிப்பது யார் என்பது. போன வருடம் ஒத்திகையாகச் செய்து பார்த்தோம். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கதையைக் கடகடவென்று வாசித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கண் தாளில் இல்லை, என் சட்டைப் பையில் இருந்த பேனாவில் இருந்தது. தாளை வாங்கித் தலைகீழாகக் கொடுத்தேன். அப்படியும் வாசித்தாள். எங்கள் டீச்சர், பாவம், அதே தாளைச் சுவரில் ஒட்டி ஒரு மாதமாகப் பயிற்சி கொடுத்திருந்தார். சம்பளம் இதை நம்பித்தான் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருந்தால், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

சின்னக் குழந்தைகளின் எடையையும் சேர்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். அங்கன்வாடியில் மாதாமாதம் எடுப்பது அவர்கள் துறையின் கணக்கு; வாரத்துக்கு ஐந்து நாள் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்துவிட்டு அதற்கு உரிமை கொண்டாடுவது அழகில்லை. தவிர, வயதுக்கேற்ற உயரம் என்பது வருடக்கணக்கில் மெதுவாக மாறும் சமாச்சாரம். எங்களுக்கு உருப்படியாக ஒன்று செய்ய முடியும்: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கையின் மேல்பகுதியில் நாடா சுற்றிப் பார்த்து, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவைக் காட்டும் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் அன்றே அங்கன்வாடி டீச்சரிடம் சொல்வது. அதை மதிப்பீட்டில் சேர்க்க வேண்டியதில்லை, செய்தால் போதும்.

மாவட்டப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிடலாம் என்ற யோசனையும் வந்தது. 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்து, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போய்விட்டன. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் வேலூர் என்று இருப்பது பழைய பெரிய வேலூர். வாணியம்பாடியும் அரக்கோணமும் அதற்குள். நாலு தெருவைச் சேர்ந்த 38 பிள்ளைகளை அதோடு நிறுத்திப் பார்ப்பதில் பொருளில்லை.

தாய்மார்கள்

மூன்றாவது வழி. கேட்பவரும் அதே மாதிரி முறத்தை மடியில் வைப்பவராக இருந்தால் பதில் வேறாக வருகிறது. மகளிர் குழு அக்கா ஒருவரை அந்த நின்றுபோன பெண்ணின் வீட்டுக்குச் சும்மா பேசப் போகச் சொன்னேன்; நான் போகவில்லை. அவர் திரும்பி வந்து சொன்னது: “ஆறு மணிக்கு சரக்கு குடுக்கணும். அஞ்சு மணிக்கு இவள அனுப்பிட்டா முனை மடிக்கிறதுக்கு ஆள் யாருன்னு கேக்குது சார். அப்புறம், கைக்குழந்தைய யார் பாத்துக்கிறதுன்னு.” 42 கேள்விக்கு வராத பதில், ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது.

ஆனால் இந்த வழியைப் புனிதமாக்கிப் பேசுகிறவர்கள் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. தாய்மார் கூட்டம் போட்டால் யார் பேசுகிறார்கள்? பள்ளி வளாகத்தில் இதற்கு முன்பு ஒரு கூட்டம் போட்டோம். முன் வரிசையில் மேல் தெருக்காரர்கள் நாற்காலியில். காலனிப் பெண்கள் வேப்ப மரத்தடியில் நின்றபடி. பேசியது நாலு பேர், நாலு பேரும் நாற்காலியில் இருந்தவர்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் வேப்ப மரத்தடிப் பிள்ளைகள். ‘சமுதாயத்தின் கருத்து’ என்று நாங்கள் நோட்டில் எழுதிய நாலு வரியை இன்று படித்தால் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த சிக்கல், சுண்டல் செய்வதே மகளிர் குழுதான். அவர்களே போய் ‘சுண்டல் எப்படி இருக்கு’ என்று கேட்டால் யார் மனம் விட்டுச் சொல்வார்கள்?

பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுக்கலாமா என்றும் பார்த்தோம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நியாயமான இடம்தான். ஆனால் மையத்துக்கு வராத பிள்ளைகளின் அம்மாக்கள் அந்தக் குழுவில் இல்லை, பெரும்பாலும் கூட்டத்துக்கே வருவதில்லை.

யாரும் கேட்காத கேள்வி: சாவி

இதையெல்லாம் அலசிக்கொண்டிருந்தபோது எங்கள் இளைய டீச்சரின் டைரி கையில் கிடைத்தது. தினமும் எத்தனை மணிக்கு அறை திறந்தது என்று எழுதி வைத்திருந்தார். மதிப்பீட்டுக்காக அல்ல, தான் நேரத்துக்கு வந்துவிட்டேன் என்று நிரூபிக்க. ஜூனிலும் ஜூலையிலும் 44 வேலை நாள். 13 நாள் அறை அரை மணிக்கு மேல் தாமதமாகத் திறந்தது. 4 நாள் திறக்கவே இல்லை. பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

காரணம், அறைச் சாவி தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவரிடம் இருக்கிறது. மாலையில் அவர் பக்கத்துக் குக்கிராமத்துக்கு மோட்டார் போடப் போயிருந்தால் சாவியும் போய்விடும். அவர் மேல் தப்பில்லை. இந்த அறை மாலையில் பிள்ளைகளுக்கு என்று அவரிடம் யாரும் முறைப்படி சொல்லவேயில்லை. அறையைத் தருவதாகச் சொன்னது முந்தைய தலைவர், வாய் வார்த்தையாக. பள்ளியிலும் இதே கதை: பெயர்ப் பட்டியல் தந்துகொண்டிருந்த தலைமையாசிரியை மாறுதலில் போய்விட்டார், புதியவருக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே தெரியாது. ஒரு வருடமாகப் புதிய பெயர் ஒன்றும் வரவில்லை.

பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று கேட்டார் துபாய் நண்பர். அதற்கு முன்னால் நாலு கூட்டாளிகளும் சொன்னதைச் செய்தார்களா என்று பார்க்க வேண்டியிருந்தது. இதற்குக் கல்லூரியும் வேண்டாம், 40,000 ரூபாயும் வேண்டாம். ஒரு பாயில் நாலு பேர் உட்கார்ந்து மூன்று கேள்வி: நீங்கள் என்ன தருவதாகச் சொன்னீர்கள், என்ன வந்தது, எது தடுத்தது. எங்கள் பங்கையும் கேட்டுக்கொண்டோம். டீச்சர்களுக்கு மார்ச் மாதச் சம்பளம் மே மாதம்தான் போயிருக்கிறது. அது என் பொறுப்பு.

கூட்டு முயற்சிகளை மதிப்பிடும்போது பலரும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்து, பிள்ளைகளின் மார்க்குக்குப் போய்விடுகிறார்கள். ஐந்தில் இரண்டு நாள் அறை சரியாகத் திறக்காத மையத்தில் மார்க் ஏறவில்லை என்றால், அது பாடத்தின் தோல்வியா, பூட்டின் தோல்வியா?

எடுத்த முடிவு

மூன்றாவது வழியை எடுத்தோம், இரண்டு ஒட்டுப் போட்டு.

கேட்கப் போவது எங்கள் ஊர் மகளிர் குழு அல்ல, பேரணாம்பட்டு சாலையில் இருக்கும் இன்னொரு ஊரின் குழு. அவர்களில் பாதிப் பேர் காலனிப் பெண்களாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்கு அவர்கள் ஊர்ப் பாலர் மையத்தைப் பார்க்க எங்கள் குழு போகும். பன்னிரண்டு பெண்கள், இரண்டு நாள், நாளுக்கு 400 ரூபாய்: 9,600. அவர்களுக்கும் அன்றைய பீடிக் கூலி போகிறது, ‘சேவை’ என்று சொல்லி ஓசியில் வாங்கக் கூடாது. ஆட்டோ 2,400, டீயும் அச்சும் 2,500. மொத்தம் 14,500.

முதலில் போவது வருகிற 38 பிள்ளைகளின் வீடுகளுக்கு அல்ல, வராமல் போன 23 வீடுகளுக்கு: அந்த 452-க்கும் 373-க்கும் இடையில் விடுபட்டவர்கள் மாதிரி, எங்கள் கணக்கில் விடுபட்டவர்கள். இதற்குத்தான் அதிகம் வாக்குவாதம். “வர்றவங்களக் கேட்டாத்தானே நல்லது தெரியும்” என்றார் செயலாளர். வருகிறவர்கள் நல்லது சொல்வார்கள், அது ஏற்கனவே ஸ்பைரல் பைண்டிங்கில் இருக்கிறது. பட்டியலை வாசித்தபோது ஆறாவது பெயரில் நிறுத்தினோம். தினமும் சுண்டல் தாளிக்கும் அம்மாவின் மகள். அவர் அடுப்படியில்தான் இருந்தார். கூப்பிட்டுக் கேட்டதற்கு, “அது ஏழாவது போயிட்டுதுல்ல, சின்னப் பசங்களோட குந்த வெக்கப்படுது” என்றார். ஒன்றரை வருடமாக எங்கள் கண்ணெதிரே இருந்த பதில்.

இரண்டாவது ஒட்டு, வாசிப்புத் தாள். அதைக் கைவிடவில்லை. ஆனால் எங்கள் டீச்சர்கள் பார்க்காத புதுக் கதையோடு, ஆசிரியர் பயிற்சி மாணவிகள் இருவர் வந்து சோதிப்பார்கள். அதே வகுப்பில் படித்து மையத்துக்கு வராத பிள்ளைகளையும் சேர்த்து. இதை வைத்து ‘எங்களால் முன்னேறினார்கள்’ என்று எழுத மாட்டோம். யார் எழுத்துப் படியிலேயே நிற்கிறார்கள் என்று தெரிந்தால் அடுத்த மாதம் அவர்களோடு உட்காரலாம், அவ்வளவே.

கிளம்புவதற்கு முன்பே ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டோம்: எந்தப் பதில் வந்தால் என்ன செய்வோம் என்று. நேரம்தான் காரணம் என்று எட்டு வீட்டுக்கு மேல் சொன்னால் வகுப்பு ஆறரைக்கு மாறும், இருட்டில் பிள்ளைகளை வீட்டில் விட ஒரு ஆள் போடுவோம். டீச்சர் அடிக்கிறார், திட்டுகிறார் என்று ஒரு வீட்டில் சொன்னாலும் அன்றே விசாரிப்போம். தெருப் பாகுபாடு என்று வந்தால் ஊராட்சியில் அல்ல, முதலில் எங்களுக்குள் பேசுவோம். கிடைத்ததை அக்டோபர் 2 கிராம சபையில் வாசிப்பது என்றும் முடிவு. நூறு நாள் வேலைக் கணக்கையே அங்கே வாசிக்கக் கேட்ட ஊர் இது. எங்கள் சுண்டல் கணக்கை வாசித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

துபாய் நண்பருக்கு இது பிடிக்கவில்லை. “சதவீதம் இல்லாம எங்க ஆபீஸ்ல யாருகிட்ட காட்டுறது?” என்றார். அவருடைய கம்பெனியிலும் நன்கொடை கேட்கும் எண்ணம் அவருக்கு. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 23 வீட்டில் கேட்டு வருவது 23 கதைதான். அதை வைத்து முன்பின் தெரியாதவரை நம்பவைப்பது கஷ்டம். மிச்சமுள்ள 25,500-ஐ அப்படியே வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு ஊர் சேர்ந்தால் வெளி ஆளை வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன், சமாதானமாகவில்லை.

இதற்கிடையில் ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, குடியாத்தம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இளைய டீச்சருக்கு ஒரு டூப்ளிகேட் சாவி போட்டோம். எண்பது ரூபாய். சாவிக்காரர் ரசீது தரவில்லை, வவுச்சரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.